6/6 தெரிந்தும் தீராத தொல்லை: லேசிக்கிற்குப் பிறகான கண்

கண்ணாடியின்றிப் பார்ப்பதற்காக, கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியை லேசரால் செதுக்கும் லேசிக் சிகிச்சை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நிறைவாகவே இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்கானதன்று. சிகிச்சை முடிந்து மாதங்கள் கடந்தும் எரிச்சலோடும், கூச்சத்தோடும், இரவில் விளக்குகளைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டங்களோடும் வாழ்ந்துகொண்டு, "கடைசி வரி வரைக்கும் படிக்கிறீங்களே, அப்புறம் என்ன?" என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். கருவிழி நோய்களைப் பார்க்கும் எங்களிடம் இவர்கள் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது மருத்துவரைத் தேடித்தான் வருகிறார்கள்.

இயல்பான பார்வையை 6/6 என்று குறிக்கும் எழுத்துப் பலகை அளப்பது ஒன்றை மட்டுமே. வெளிச்சமான வெள்ளைப் பின்புலத்தில் இருக்கும் கறுப்பு எழுத்தை எவ்வளவு சிறியதாகப் படிக்க முடிகிறது என்பதை அது சொல்லும். மங்கிய ஒளியில் சாம்பல் நிறத் தடுப்புச்சுவர் தெரிகிறதா, காலையில் தெளிவாக இருந்த பார்வை மாலையில் ஏன் கலங்குகிறது, கண் வலிக்கிறதா என்பதையெல்லாம் அது சொல்லாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் முன்னின்று நடத்தி, 2017-இல் முடிவுகள் வெளியான ப்ரோல் ஆய்வுகளில், சிகிச்சைக்கு முன் ஒளிவட்டம், நிழலெழுத்து போன்ற தொல்லை எதுவும் இல்லாதிருந்தவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், மூன்றாம் மாதத்தில் ஏதேனும் ஒரு புதிய தொல்லையைக் குறிப்பிட்டனர். அன்றாட வேலைகளையே பெரிதும் பாதிக்குமளவுக்கு அதனால் துன்பப்பட்டவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மறைப்பது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. இரண்டாவதை மறைப்பது வீண் பீதியைக் கிளப்பும்.

அடிக்கடி வரும் தொல்லை கண் உலர்வு. கருவிழி, உடலிலேயே நரம்புகள் மிக அடர்ந்திருக்கும் திசுக்களில் ஒன்று. லேசிக்கில் கருவிழியின் மேற்பகுதியை மெல்லிய மூடிபோல வெட்டித் திறந்து, அடியிலுள்ள திசுவை எக்சைமர் லேசரால் செதுக்கி, மூடியை மீண்டும் படிய வைக்கிறோம். (இந்தக் கதிர் திசுவைப் பொசுக்காமல் நுட்பமாகச் செதுக்கும் என்பதை 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி சீனிவாசன்.) மூடியை வெட்டும்போது அதனூடே செல்லும் நரம்புகளும் அறுபடுகின்றன. கண்ணில் ஈரம் குறைகிறது என்ற செய்தி மூளைக்குப் போனால்தான் கண்ணீர் சுரக்கும், இமை மூடும்; செய்தி போகாவிட்டால் இரண்டும் குறையும். நரம்புகள் மீண்டும் வளர ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். இதோடு, அதுவரை காற்றையும் தூசியையும் தடுத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியும் இப்போது முகத்தில் இல்லை என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இருசக்கர வண்டியில் தலைக்கவசத்தின் முகமறைப்பைத் தூக்கிவிட்டுக்கொண்டு செல்பவர்களும், குளிரூட்டியின் காற்று நேராக முகத்தில் படும்படி அமர்ந்து நாள் முழுதும் கணினியைப் பார்ப்பவர்களும் அதிகம் துன்பப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் சொட்டு மருந்து தேவைப்படுபவர்கள், பாதுகாப்பு வேதிப்பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீரைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த வேதிப்பொருளே கருவிழியின் மேற்பரப்பைப் புண்ணாக்கக்கூடியது. இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டிருந்தால் எத்தனை புட்டி கண்ணீர் விட்டாலும் அது நிற்காது, ஆவியாகிவிடும். அவர்களுக்கு வெந்நீர் ஒத்தடமும் இமைச் சுத்தமும்தான் முதல் மருந்து. இவற்றுக்கும் அடங்காதபோது அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு, கண்ணீர் வடிந்து வெளியேறும் துளைக்கு அடைப்பு, நோயாளியின் சொந்த இரத்தத்திலிருந்து தயாரிக்கும் சீரம் சொட்டு என்று படிப்படியாகச் செல்கிறோம்.

உலர்வு என்றே தவறாகக் கருதப்படும் இன்னொன்று நரம்பு வலி. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்னு சொல்றாங்க டாக்டர், எனக்கு மட்டும் ஏன் இப்படி எரியுது?" என்று கேட்பவர்களின் கருவிழியைச் சோதித்தால் பரப்பு பளிச்சென்று இருக்கும். அறுபட்ட நரம்புகள் சில வேளை முறையாக வளராமல், காற்று பட்டாலே வலிச் செய்தி அனுப்பும் நிலைக்கு வந்துவிடுகின்றன. மருத்துவமனையில் ஒரு சொட்டு மரமரப்பு மருந்து விட்டுப் பார்ப்போம். வலி அடங்கினால் அதன் ஊற்று பெரும்பாலும் கண்ணின் பரப்பில் இருக்கிறது. அடங்காவிட்டால் நரம்பு மண்டலத்தின் உட்பகுதியும் கூர்ந்து தூண்டப்பட்டு வலியை மிகைப்படுத்துகிறது என்று பொருள். முன்னவருக்குச் சீரம் சொட்டும், கருவிழியைத் தொடாமல் கண்ணின் வெண்பகுதியில் அமரும் ஸ்கிளீரல் லென்சும் உதவக்கூடும். பின்னவருக்கு நார்ட்ரிப்டிலின், பிரிகாபாலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் தேவைப்படலாம். அந்த மரமரப்புச் சொட்டு இதமாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வாங்கிச் செல்வது மட்டும் ஒருபோதும் கூடாது. தொடர்ந்து விட்டால் அது கருவிழியையே கரைத்துவிடும்.

இந்த வலி வெளியே தெரியாதது என்பதால் வீட்டில் ஆறுதல் கிடைப்பதும் அரிது. "நீயா கேட்டுப் பண்ணிக்கிட்டதுதானே" என்ற ஒரு சொல் போதும், அவர்கள் வாயை மூடிக்கொள்ள. திருமணத்துக்கு முன் கண்ணாடியைக் கழற்ற வேண்டும் என்று வற்புறுத்தியவர்களே பின்னர் இப்படிச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இந்நோயோடு சேர்ந்தே வருபவை. மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று நாங்கள் சொன்னால், உங்கள் வலி கற்பனை என்று அதற்குப் பொருளில்லை. வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்; 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம்.

எனக்குச் சினமூட்டுவது ஒன்று உண்டு. பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டைத் திரும்பத் திரும்ப வாங்கி விட்டுக்கொள்ளும் பழக்கம் அது. ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்தும். லேசிக் செய்த கண்ணிலோ கருவிழி மெலிந்திருப்பதால் கருவி அழுத்தத்தைக் குறைவாகவே காட்டும். அழுத்தம் மிக உயர்ந்தால் மூடிக்கு அடியில் நீர் கோத்து, அப்போது அளவு இன்னும் குறைவாகத் தெரியும். அதை வீக்கம் என்று எண்ணி மேலும் ஸ்டீராய்டு எழுதப்பட்டால், பார்வை நரம்பு சத்தமின்றிச் சேதமடையும். கருவிழியின் ஓரத்தில் அழுத்தத்தை அளந்தால் உண்மை வெளிப்படும். ஆனால் லேசிக் செய்ததை நோயாளி சொன்னால்தானே மருத்துவருக்கு அது தோன்றும்?

இரவு ஒளிவட்டங்கள் பலருக்கு முதல் ஆண்டிலேயே குறைந்துவிடும். நிலைத்துவிட்டால், உலர்வு, எஞ்சிய பவர், செதுக்கப்பட்ட பரப்பின் ஒழுங்கின்மை ஆகியவற்றில் எது காரணம் என்று பிரித்தறிய வேண்டும். இரவில் வண்டி ஓட்ட மட்டும் மெல்லிய பவர் கொண்ட கண்ணாடி அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்மணி இருளில் மிக விரிவதால் தொல்லை வருபவர்களுக்கு அதைச் சற்றுச் சுருக்கும் சொட்டு மருந்து எழுதித் தருவதும் உண்டு. அவசரப்பட்டு இரண்டாம் முறை லேசர் செய்துகொள்வதை நான் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. பவர் நிலைபெற வேண்டும், உலர்வு சரியாக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திசு மிச்சம் இருக்க வேண்டும்.

திசுக் கணக்கு எளிமையானது. நடுக்கருவிழியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ 540 மைக்ரான் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மூடிக்கு 110 போகட்டும். ஒவ்வொரு டையாப்டர் பவருக்கும் சுமார் 14 மைக்ரான் செதுக்கப்படும் என்றால், மைனஸ் ஆறு பவர் உள்ளவருக்கு 84 மைக்ரான் போய் அடியில் 346 எஞ்சும். இந்த எஞ்சிய தடிமன் 250-க்குக் கீழே போகக்கூடாது என்பது பழைய வரம்பு. இன்று பலர் 300 இருந்தால்தான் துணிகிறார்கள். அளவுக்கு மீறி மெலிந்தாலோ, கருவிழி மெலிந்து கூம்புபோல் பிதுங்கும் கூம்புக் கருவிழி நோய்க்கான அறிகுறி முன்பே ஒளிந்திருந்தாலோ, கருவிழி மெல்ல முன்னோக்கிப் பிதுங்கத் தொடங்கும். லேசிக்கிற்குப் பின் இவ்வாறு நேர்வதை தியோ சைலர் குழுவினர் 1998-இல் விவரித்தனர். ஓரிரு ஆண்டுகள் நன்றாக இருந்துவிட்டு, பின்பு சிலிண்டர் பவர் (கருவிழியின் சீரற்ற வளைவால் வரும் பவர்) ஏறிக்கொண்டே போவதும், எழுத்துக்கு நிழல் விழுவதும் இதன் அடையாளங்கள். கருவிழியின் வளைவையும் வடிவத்தையும் படமாகக் காட்டும் வரைபடப் பரிசோதனை செய்யாமல் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் காலம் வீணாகும். ரைபோஃபிளாவின் சொட்டோடு புற ஊதாக் கதிர் செலுத்தும் கிராஸ்லிங்கிங் சிகிச்சை பிதுக்கத்தைப் பெரும்பாலோருக்கு நிறுத்தும். இழந்த பார்வையை மீட்டுத் தருவது அதன் வேலையன்று. அதற்குக் கடின லென்சோ ஸ்கிளீரல் லென்சோ வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

தொல்லையே இல்லாதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. மூடி பழைய உறுதியோடு ஒருபோதும் ஒட்டுவதில்லை; ஆண்டுகள் கழித்து விரல் நகமோ பந்தோ பட்டு நகர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பவர் போனாலும் கிட்டப்பார்வைக் கண்ணின் நீண்ட அமைப்பு மாறுவதில்லை; அதனால் விழித்திரை பிரியும் ஆபத்தும் நீங்குவதில்லை. மின்னல்கள், புதிய கரும்புள்ளிகள், திரை விழுந்தாற்போன்ற மறைப்பு ஆகியவை விழித்திரை பிரிவதன் அறிகுறிகளாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வரும்; அது சிகிச்சை தோற்றதன் அடையாளமன்று.

பிற்காலத்தில் கண்புரை அறுவைக்குப் போகும்போது, செதுக்கப்பட்ட கருவிழியை வழக்கமான சூத்திரத்தால் கணக்கிட்டால் வைக்கும் லென்சின் பவர் பிழைபடும். கிட்டப்பார்வைக்கு லேசிக் செய்தவர்களுக்கு அது போதாமல் போய்த் தூரப்பார்வைக் குறைபாடு மிஞ்சும். இதற்கென்று தனிச் சூத்திரங்கள் இருக்கின்றன. பழைய அளவுகள் கையிலிருந்தால் கணக்கு இன்னும் துல்லியமாகும். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், வரைபடம் ஆகியவற்றின் நகல்களை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிதுக்கம் கண்டறியப்பட்டவர்கள் தம் உடன்பிறந்தாரிடமும் அதைச் சொல்லிவிட வேண்டும். கூம்புக் கருவிழி குடும்பங்களில் வழிவழியாக வரக்கூடியது என்பதால், தம்பியோ தங்கையோ லேசிக்கிற்கு நாள் குறித்திருந்தால் வரைபடப் பரிசோதனை முடியும் வரை அதைத் தள்ளிவைப்பது நல்லது.