ஒகேஸ்ஸான்னா மந்திரவாதியா?

எத்தியோப்பியா பத்தி ஒரு டப்பிங் டாக்குமென்டரி, பெரியவர் ஒருத்தர் இலையைக் கசக்கி சாறு எடுத்துட்டு இருக்கார், பக்கத்துல ஒரு அம்மா காய்ச்சக்காரப் பிள்ளைய மடில வச்சிட்டு உக்காந்திருக்காங்க, பின்னாடி குரல் "ஓரோமோ மந்திரவாதி"ங்குது. இதோட மூணாவது தடவை கேட்டாச்சு.

ஓரோமோங்கிறது எத்தியோப்பியால ஒரு இனம், அவங்க மொழில அவருக்குப் பேர் ஒகேஸ்ஸா கொரிச்சா ஆதா. ஒகும்மான்னா கைத்திறன், தொழில். அதுல தேர்ந்தவர் ஒகேஸ்ஸா, பொம்பளைன்னா ஒகேத்தி. கொரிச்சா மருந்து, ஆதா மரபு. மருந்துக்கடைக்கு மனா கொரிச்சா, மருந்து வீடு. வயல்ல பூச்சிக்கு அடிக்கிறதும் கொரிச்சாதான், நம்ம ஊர்ல "மருந்தடிக்கிறோம்"னு சொல்ற மாதிரியே. ஆக சொல்லுக்குள்ள மந்திரமும் இல்ல மாயமும் இல்ல. சாமி சம்பந்தமான பரம்பரைப் பொறுப்பு காலூன்னு வேற ஒருத்தருக்கு இருக்கு, ரெண்டையும் ஒரே பானைல போட்டுக் கிண்டிட்டாங்க. மருந்து ரகசியத்தை வீட்டுக்குள்ளயே வச்சிருந்து பெரும்பாலும் நம்பிக்கையான ஒரு பிள்ளைக்கு மட்டும் சொல்லித் தர்ற வழக்கம் அங்க உண்டு, அதைப் பாத்து மந்திரம்னு நினைச்சிருக்கலாம். அப்படிப் பாத்தா நம்ம ஊர்ல எலும்பு கட்டுறவங்க குடும்பம் எல்லாம் என்னவாம்?

சரி, இதைத் திருத்துறேன்னு இன்னொரு கூட்டம் "பழங்குடி மருத்துவர்"னு எழுதுது. எனக்கு இதுதான் ரொம்ப எரிச்சல். 2007 கணக்கெடுப்புல எத்தியோப்பியா ஜனத்தொகைல மூணுல ஒரு பங்குக்கு மேல ஓரோமோ, அந்த நாட்டுலயே பெரிய இனம், அவங்களைப் போய் பழங்குடின்னா என்ன கணக்கு? ஆப்பிரிக்கான்னாலே பழங்குடின்னு கை தானா எழுதிடுது. அதுவும் போக மருத்துவர்ங்கிற சொல் இப்ப ஸ்டெதஸ்கோப் போட்டவருக்குப் போயிடுச்சு, முன்னாடி பழங்குடின்னு ஒட்டினா ஏதோ மலைக்கிராமத்துக்கு டியூட்டி போட்ட டாக்டர் மாதிரி இருக்கு.

என் ஓட்டு நாட்டு வைத்தியருக்கு. வைத்தியர் வடமொழின்னு தூய தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வருவாங்க, பண்டுவர்னு ஒரு நல்ல பழைய சொல் இருக்கு, மறுக்கல, ஆனா சப்டைட்டில்ல ரெண்டு செகண்ட் வர்ற இடத்துல அதைப் போட்டா எத்தனை பேருக்குப் புரியும்? வைத்தியருக்கு மூலம் வித்யா, அறிவு. விஷயம் தெரிஞ்சவர்னு அர்த்தம், கைதேர்ந்தவர்ங்கிற ஒகேஸ்ஸாவுக்கு ரொம்பப் பக்கத்துல நிக்குது.

இங்கிலீஷ் ஸ்கிரிப்டை மட்டும் பாத்துட்டு எழுதினா இப்படித்தான் ஆகும். அதே படத்துல காபில ஒரு கொத்து இலை போடுறாங்க, "அரிய ஆப்பிரிக்க மூலிகை"யாம். எத்தியோப்பியால காபில போடுற அந்த இலைக்கு அந்த நாட்டு அம்ஹாரிக் மொழில தேனா ஆதாம், ஆதாமோட ஆரோக்கியம்னு பேர், நம்ம நாட்டு மருந்துக்கடைல அருவதான்னு கேட்டா அதே இனத்துச் செடியத்தான் எடுத்துக் குடுப்பாங்க. பூண்டைக்கூட "வெள்ளை வெங்காயம்"னு அப்படியே மாத்தி வச்சிருக்காங்க. ஓரோமோல குல்லுப்பி அதீ, வெங்காயம் பிளஸ் வெள்ளை, வாஸ்தவம்தான். வெள்ளுள்ளின்னு நம்மகிட்டயே அச்சு அசலா ஒரு சொல் இருக்கே அய்யா, வெள்+உள்ளி!