பெயில் அவுட்: பிணையில் எடுப்பதா, கைதூக்கி விடுவதா?

கட்டுரை ஒன்றுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க விமான நிறுவனங்களுக்கு அந்நாட்டு அரசு பணம் கொடுத்ததைப் பற்றியது. மொழிபெயர்த்தவர் நன்றாக எழுதுகிறவர்தான். ஆனாலும் ஒரு வரியில் நின்றுவிட்டேன்: ‘விமான நிறுவனங்களை அரசு பிணையில் எடுத்தது.’ பக்கத்து மேசைக்காரரிடம் படித்துக் காட்டினேன். “எந்த கேஸ்ல உள்ளே போனாங்க?” என்றார்.

மூலத்தில் இருந்த சொல் ‘பெயில் அவுட்’. பெயில் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கோர்ட்டு, ஜாமீன், வெளியே காத்திருக்கும் உறவுக்காரர். (கிரிக்கெட் ஸ்டம்ப் மேல் இருக்கும் பெயில்ஸ் வேறு குடும்பம், அதை விட்டுவிடலாம்.) ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குள் மூன்று படங்கள் இருக்கின்றன. மூன்றில் எது மனதில் வருகிறதோ, அதைப் பொறுத்து அரசு செய்தது புண்ணியமாகவும் தெரியும், ஏமாளித்தனமாகவும் தெரியும்.

முதல் படம் நமக்குத் தெரிந்த ஜாமீன். சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனுக்குப் போகிறது. அங்கே ‘பாயுலுஸ்’ என்றால் சுமைதூக்குபவர், நம்முடைய போர்ட்டர். சுமையைத் தூக்குவது, பிறகு பொறுப்பைத் தூக்குவது, பிறகு இன்னொருவருக்காகப் பொறுப்பேற்பது என்று பொருள் நகர்ந்து நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது படம் படகு. உள்ளே ஏறிவிட்ட தண்ணீரை வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவதற்கும் பெயில் என்றுதான் பெயர். வாளியைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து வந்தது. அந்த வாளியைத் தோண்டிக்கொண்டு போனாலும் கடைசியில் அதே லத்தீன் போர்ட்டர்தான் நிற்கிறார். தண்ணீர் சுமப்பது வாளிதானே.

மூன்றாவது படம்தான் சுவாரஸ்யமானது, அது ஆகாயத்தில் நடக்கிறது. பழுதான விமானத்திலிருந்து விமானி பாராசூட்டோடு குதிப்பதையும் 1930 வாக்கிலிருந்து ‘பெயில் அவுட்’ என்றே சொல்லத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ்காரர்கள் பலர் இதற்கு வேறு எழுத்துக்கூட்டலில் ‘பேல்’ என்று எழுதுவார்கள். பேல் என்றால் மூட்டை. மூட்டையைக் கதவு வழியாகத் தள்ளிவிடுவது போல ஆள் விழுகிறான் என்ற எண்ணம். கோவை, திருப்பூர்ப் பக்கம் பருத்தி வியாபாரத்தில் புழங்கும் அதே ‘பேல்’தான்.

இப்போது மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படகில் இருப்பவன் படகை விடாமல் காப்பாற்றுகிறான். விமானத்தில் இருப்பவன் விமானத்தை விட்டுவிட்டுத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான். ஒரே சொல், நேர் எதிரான இரண்டு காரியம். இன்றும் ஆங்கிலப் பேச்சில், வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் நழுவுகிறவனுக்கும் இந்தச் சொல்தான், நொடித்த கம்பெனிக்குப் பணம் கொடுத்துத் தாங்குவதற்கும் இதே சொல்தான்.

பணத்துக்கு இதைப் பயன்படுத்தும் பழக்கம் 1970களில் ஊன்றியது. 1971இல் விமானம் தயாரிக்கும் லாக்ஹீட் நிறுவனத்துக்கு 25 கோடி டாலர் கடன் உத்தரவாதம் கொடுக்கும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 49க்கு 48 என்று ஒரே வாக்கில் பிழைத்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் கார் நிறுவனமான கிரைஸ்லருக்கு 150 கோடி டாலர் உத்தரவாதம். இரண்டிலும் அரசு ரொக்கத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ‘இவர்கள் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்று கடன் கொடுப்பவர்களிடம் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2001க்கு வருவோம். செப்டம்பர் 11 காலையில் வானத்தில் இருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களைக் கிடைத்த இடத்தில் இறங்கச் சொன்னது அரசு. 13ஆம் தேதிதான் பயணிகள் விமானங்கள் மெல்ல மெல்லப் பறக்கத் தொடங்கின. பறந்தாலும் ஏற ஆளில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போர் ஆபத்துக்கான காப்பீட்டை ஏழு நாள் நோட்டீஸில் சுருக்கிக்கொண்டன. சில வாரங்களில் ஏறத்தாழ 1 லட்சம் பேருக்கு ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. அமெரிக்கன், யுனைடெட் ஆகிய இரண்டு விமான நிறுவனங்களில் மட்டும் தலா 20,000 பேர்.

சட்டம் பதினோராவது நாளே வந்துவிட்டது. கீழவையில் 356க்கு 54, செனட்டில் 96க்கு 1. எதிர்த்த அந்த ஒருவர் இல்லினாய்ஸ் மாநிலத்தின் செனட் உறுப்பினர் பீட்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட். செப்டம்பர் 22 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். 500 கோடி டாலர் ரொக்கம், 1,000 கோடி டாலர் வரை கடன் உத்தரவாதம்.

சண்டை முழுக்கச் சொல்லில்தான் நடந்தது. விமான நிறுவனங்கள் ‘இழப்பீடு’ என்றன. அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது: எங்கள் விமானத்தைத் தரையிறக்கியது நீங்கள், அந்த நஷ்டத்தை நீங்கள் கொடுங்கள். சட்டத்தின் பெயரில் இருந்த சொல் ‘நிலைப்படுத்தல்’. எதிர்த்தவர்கள்தான் ‘பெயில் அவுட்’ என்றார்கள். அவர்கள் கேட்டது இது: 2001 தொடக்கத்திலேயே வியாபாரப் பயணம் படுத்துவிட்டதே, நஷ்டம் அப்போதே தொடங்கிவிட்டதே, மூன்று நாள் தரையில் நின்றதற்கும் பழைய நோய்க்கும் சேர்த்து ஒரே பில்லா? வேலை போன 1 லட்சம் பேருக்கு அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். உத்தரவாதம் கேட்கும் நிறுவனத்தில் 3 லட்சம் டாலருக்கு மேல் வாங்கும் அதிகாரிகளின் ஊதியத்துக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். அதுதான் சாமானியனுக்குக் காட்டிய சமாதானம்.

அதே சட்டத்தின் இன்னொரு பகுதியிலும் ‘இழப்பீடு’ வருகிறது. அது இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயமடைந்தவர்களுக்கும். கென்னத் ஃபைன்பெர்க் என்ற வழக்கறிஞர் நிர்வகித்த அந்த நிதி கடைசியில் சுமார் 700 கோடி டாலர் வழங்கியது. வாங்கிக்கொண்டவர்கள் விமான நிறுவனங்கள் மேல் வழக்குப் போட முடியாது என்பது நிபந்தனை. வழக்குக்குப் போனாலும் நிறுவனத்தின் பொறுப்பு அதன் காப்பீட்டுத் தொகையோடு நின்றுவிடும். 500 கோடியைப் பற்றி நடந்த விவாதம் இதைப் பற்றி நடக்கவில்லை. என்னைக் கேட்டால் நிறுவனங்களுக்குக் கிடைத்த பெரிய உதவி இதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பிணையெடுப்பு’ என்ற சொல்லைச் சில தளங்கள் விடாமல் எழுதுகின்றன. பிணை நல்ல பழைய சொல். பிணைப்பது என்றால் கட்டுவது, சேர்த்து முடிவது. களத்தில் கதிர் மிதிக்க மாடுகளைச் சேர்த்துக் கட்டினால் பிணையல். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் தன்னைக் கட்டிக்கொண்டால் பிணை. அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த ஜாமீனுக்கும் அதே பொருள்தான். ஆனால் விமானத் தாக்குதல் பற்றிய கட்டுரையில் இதை வைக்கும்போது ஒரு சங்கடம்: நான்கு பத்தி மேலே ‘பிணைக்கைதி’ இருக்கும். கடத்தல்காரன் பிணை பிடித்தான், அரசு பிணை எடுத்தது என்று படிக்கிறவருக்குத் தலை சுற்றும்.

அதைவிடப் பெரிய சிக்கல், 500 கோடி ரொக்கத்தில் பிணை எங்கே இருக்கிறது? யாரும் யாரோடும் கட்டப்படவில்லை. பயணிகள் விமானங்களுக்கு 450 கோடி, சரக்கு விமானங்களுக்கு 50 கோடி என்று பிரித்துக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். அது கொடை. ஆனால் மற்ற 1,000 கோடி இருக்கிறதே, அது அசல் பிணை. மொழிபெயர்ப்பாளர் தெரியாமல் வைத்த சொல் பாதித் தொகைக்கு மேல் சரியாகப் பொருந்திவிட்டது!

பிணை என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தியவர் என் மாமா. கூட வேலை பார்த்த நண்பருக்காக வங்கியில் ஷூரிட்டி கையெழுத்துப் போட்டார். நண்பர் மூன்று தவணை கட்டினார், அப்புறம் ஊரிலேயே இல்லை. மாமாவின் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிய மாதம், பே ஸ்லிப்பை மடித்து அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு அத்தையிடம் இந்த மாதம் சம்பளம் தாமதம் என்றார். அத்தை விளக்கேற்றும்போது அது கீழே விழுந்தது. கையெழுத்துப் போட்ட அன்று மாமா ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டி வரலாம் என்று மட்டும்தான் ஒப்புக்கொண்டார். கொடைக்கும் பிணைக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அந்த ‘வரலாம்’தான்.

வேறு சொற்கள்? ‘மீட்பு நிதி’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அடகு வைத்த நகையை மீட்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஆனால் செப்டம்பர் 11 பற்றி எழுதும்போது மீட்புப் பணி என்றால் இடிபாட்டில் ஆள் தேடியது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் நிதி யாருக்குப் போனது என்பதே குழம்பிவிடும். ‘நிவாரணம்’ வெள்ளத்துக்கு ரேஷன் கடையில் வாங்கியது. அதைப் போட்டால் விமான நிறுவனங்கள் ஏழை ஆகிவிடும். ‘முட்டுக்கொடுத்தல்’ எனக்குப் பிடித்த சொல். தார் போட்ட வாழை சாயாமல் இருக்கக் கம்பு நடுகிறோமே, அந்தப் படம் கச்சிதம். என்ன செய்வது, இணையத்தில் கட்சிக்காரர்கள் அதைக் கெடுத்துவிட்டார்கள். இப்போது முட்டுக்கொடுப்பது என்றால் தன் தலைவர் செய்த தப்புக்குச் சப்பைக்கட்டு கட்டுவது.

எனக்குத் தோன்றுவது ‘கைதூக்கி விடுதல்’. விழுந்தவனைக் கைதூக்கி விடுவது எல்லோருக்கும் புரியும், பிணையா ரொக்கமா என்று முன்கூட்டித் தீர்ப்பும் சொல்லாது. இன்னொரு காரணமும் உண்டு. ‘அவனைக் கைதூக்கி விட்டான்’ என்றால் உதவி. ‘கையைத் தூக்கிவிட்டான்’ என்றால் என்னால் ஆகாது என்று விலகிவிட்டான். ஆங்கிலச் சொல்லில் காப்பாற்றுவதும் கைவிடுவதும் ஒட்டிக்கொண்டிருப்பது போலவே தமிழிலும் ‘கை’, ‘கையை’ என்ற ஓர் உருபு வித்தியாசத்தில் இரண்டும் நிற்கின்றன. தலைப்புக்குக் ‘கைதூக்கு நிதி’ என்று வைக்கலாம். உள்ளே வரும்போது மட்டும் எது கொடை, எது கடன் பிணை என்று பிரித்து எழுத வேண்டும்.

இந்த விவாதத்தில் இன்னொரு சொல்லும் இரட்டை வேஷம் போட்டது, செக்யூரிட்டி. நம் ஊரில் செக்யூரிட்டி என்றால் கேட்டில் உட்கார்ந்திருப்பவர். வங்கியில் அதே சொல் ஈடு. 2001 வரை அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் செலவு விமான நிறுவனங்களுடையது. குறைந்த விலை சொன்ன ஒப்பந்தக்காரருக்கு வேலை போகும். சோதனை செய்தவருக்குப் பல இடங்களில் மணிக்கு 6 டாலர் சொச்சம்தான் கூலி. சில நிலையங்களில் ஓர் ஆண்டுக்குள் மொத்தக் குழுவும் மாறிவிடும். தாக்குதலுக்குப் பிறகு அவர்களை அரசு ஊழியர்களாக்க வேண்டும் என்று செனட் 100க்கு 0 என வாக்களித்தது. கீழவை ஒப்பந்தக்காரர்களே இருக்கட்டும் என்றது. இழுபறி முடிந்து நவம்பர் 19 அன்றுதான் சட்டமானது. பயணி ஒவ்வொரு முறை ஏறும்போதும் 2.50 டாலர் பாதுகாப்புக் கட்டணம் என்று அன்று வைத்தார்கள். வங்கியில் கேட்ட செக்யூரிட்டி பதினோரு நாளில் கிடைத்தது, வாசலில் வைக்க வேண்டிய செக்யூரிட்டிக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

2020இல் கொரோனாவுக்காகத் திரும்பவும் உதவி கொடுத்தபோது பெயரைக் கவனமாக வைத்தார்கள்: ‘சம்பள ஆதரவு’. செப்டம்பர் 30 வரை ஆட்குறைப்பு கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

2001 பிணைக்கு என்ன ஆனது? அதற்கென்று வைத்த நிலைப்படுத்தல் வாரியம் சிக்கனமாகவே கையெழுத்துப் போட்டது. அமெரிக்கா வெஸ்ட்டுக்கு 38 கோடி, யூஎஸ் ஏர்வேஸுக்கு 90 கோடி, இன்னும் சில சின்ன நிறுவனங்கள். எல்லாம் சேர்த்து 160 கோடி டாலருக்குள். 180 கோடி கேட்டு வந்த யுனைடெட்டிடம் 2002 டிசம்பர் 4 அன்று கைவிரித்தது. ஐந்தாம் நாள் யுனைடெட் திவால் மனு கொடுத்தது. கையெழுத்துப் போட்ட இடங்களிலும் சும்மா போடவில்லை. கட்டணம் வாங்கியது, பிற்பாடு குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டது. சில நிறுவனங்கள் நொடித்த பிறகும் கணக்கை முடிக்கும்போது அரசு கையில் 30 கோடி டாலருக்கு மேல் லாபம் நின்றது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். “கையெழுத்துப் போடறதுக்குக் காசு வாங்கலாமா?” என்று கேட்டார்.