எத்தனையாவது நாள்? எச்.ஐ.வி. பரிசோதனையின் கணக்கு

ஆணுறை இல்லாமலோ, ஆணுறை கிழிந்தோ உடலுறவு நேர்ந்துவிட்டால், பலரும் மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள். அன்று எடுக்கும் பரிசோதனை, அதற்கு முன்பே தொற்று இருந்ததா என்பதை மட்டுமே காட்டும். முந்தைய இரவில் நடந்ததைப் பற்றி அதனால் எதுவும் சொல்ல இயலாது. முதல் மூன்று நாட்கள் மருந்துக்கு உரியவை.

வைரஸ் பிறப்புறுப்பின் அல்லது ஆசனவாயின் மெல்லிய உட்தோலைக் கடந்ததும் உடனே உடலெங்கும் பரவிவிடுவதில்லை. நுழைந்த இடத்திலுள்ள எதிர்ப்பு அணுக்கள் சிலவற்றில் பெருகி, ஓரிரு நாட்களில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை எட்டி, அங்கிருந்துதான் ரத்தத்தில் கலக்கிறது. அந்த இடைவெளியில் வைரஸின் பெருக்கத்தைத் தடுத்துவிட்டால் தொற்று வேரூன்றாமல் போக வாய்ப்புண்டு. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் ஆகிய மூன்றும் சேர்ந்த தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் உட்கொள்ளச் சொல்வது இதனால்தான். மூன்றாம் நாள்வரை காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மருந்து தேவையா என்பதை மருத்துவர் அபாயத்தை எடைபோட்டு முடிவு செய்வார். துணைவருக்குத் தொற்று இருந்து அவர் சிகிச்சை பெறாத நிலையில், ஆணுறையின்றிப் பெண்ணுறுப்பு வழி உறவு கொள்ளும் பெண்ணுக்கு 10,000 முறைக்குச் சுமார் 8 முறையும், ஆணுக்குச் சுமார் 4 முறையும் தொற்றலாம் என்பது ஆய்வுகளின் சராசரி. ஆசனவாய் வழி உறவை ஏற்பவருக்கு அது சுமார் 138. எண்கள் சிறியவை என்று அலட்சியம் வேண்டாம்: துணைவர் அண்மையில்தான் தொற்றுக்கு ஆளானவர் என்றாலும், எவருக்கேனும் பால்வினைப் புண் இருந்தாலும் இவை பல மடங்கு உயரும். மாறாக, முறையான சிகிச்சையால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றுவதில்லை. முத்தத்தாலும் அணைப்பாலும் தொற்றாது.

பிறகு பரிசோதனை. வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை 10 முதல் 33 நாட்களில் தொற்றைக் காட்டும். வைரஸின் பி24 புரதத்தையும், வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாட்கள் ஆகும். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் விரைவுச் சோதனைக் கிட்டில், விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தைப் பட்டையில் விட்டதும், கிட் சரியாக வேலை செய்கிறது என்று சொல்லும் கோடு தெரியும். எதிர்ப்பொருள் இருந்தால் மட்டுமே இரண்டாவது கோடு தோன்றும். உடல் அதைப் போதுமான அளவு உருவாக்க 23 முதல் 90 நாட்கள் ஆகலாம். தொற்று இருந்தும் சோதனையில் தெரியாத இந்த இடைவெளியே சாளரக் காலம். ஆலோசகர்கள் 'விண்டோ பீரியட்' என்பார்கள். தடுப்பு மருந்து எடுத்தவருக்கு இந்தக் கணக்கு மருந்து முடிந்த நாளிலிருந்து தொடங்கும். காய்ச்சலையும் தோல் தடிப்பையும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் அவை வரும்.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். 1097 என்ற எண்ணிலும் கேட்கலாம். முடிவை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. ஒரு கிட் காட்டிய கோட்டை மட்டும் வைத்து எவருக்கும் தொற்று என்று சொல்லிவிடுவதில்லை. வெவ்வேறு முறையிலான மூன்று சோதனைகளும் ஒத்துப்போக வேண்டும்.

முடிவு உறுதியாகும்வரை ஆணுறை அவசியம். பரிசோதனை இலவசமாக நடக்குமே என்று ரத்த தானம் செய்யப் போகவே கூடாது. ரத்த வங்கியின் சோதனைக்கும் சாளரக் காலம் உண்டு. அதில் தப்பிய ரத்தம் நேரே ஒரு நோயாளியின் உடலுக்குள் ஏறும்.