தோட்டா வேறு, சன்னம் வேறு

‘உங்கள் றைபிளுக்குப் பொருத்தமான ரவையைத் தெரிவுசெய்யுங்கள்.’ வேட்டைத் துப்பாக்கி பற்றிய படங்களுக்குக் கொழும்பில் எழுதப்படும் தமிழ் உபதலைப்புகளில் இப்படியொரு வாக்கியம் அடிக்கடி வருகிறது. தனித்தமிழ் ஆர்வலர் கைபட்டால் அந்த ரவை ‘பொதியுறை’ ஆகிவிடும். இரண்டும் பிழை. மூலத்தில் இருக்கும் சொல் கார்ட்ரிட்ஜ். அதற்குத் தோட்டா என்ற சொல் தமிழில் எப்போதோ வேரூன்றிவிட்டது.

தோட்டா நான்கு உறுப்புகள் சேர்ந்த முழுப்பொருள். பித்தளைக் கோது, கோதின் அடியில் ஊசி தட்டியதும் பொறி கக்கும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, கோதின் வாயில் இறுகச் செருகிய சன்னம். விசையை இழுத்ததும் குழலை விட்டுப் பறப்பது சன்னம் மட்டுந்தான். கோது துப்பாக்கிக்குள்ளேயே நின்று, பிறகு வெளியே தள்ளப்படும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் காகிதம். இலத்தீனில் கார்ட்டா, அதிலிருந்து காகிதச் சுருளைக் குறித்த இத்தாலியச் சொல், அதிலிருந்து பிரெஞ்சின் கார்த்தூஷ், அது திரிந்து கார்ட்ரிட்ஜ். இந்துஸ்தானியின் கார்தூசும் இதே குடும்பம். எகிப்தில் அரசர் பெயரைச் சூழ்ந்த நீள்வட்டத்துக்கு நெப்போலியனின் படையினர் கார்த்தூஷ் என்று பெயர் வைத்ததும் தம் தோட்டாவின் வடிவைப் பார்த்துத்தான். சிங்களத்தின் பதரொம ஒல்லாந்தரின் பத்ரோனிலிருந்து வந்தது. நம் தோட்டா உருது வழி வந்தது. தெலுங்கில் அது தூட்டா.

காகிதத் தோட்டா எப்படி இருந்தது என்பதை 1857ஆம் ஆண்டின் சிப்பாய்க் கிளர்ச்சி நன்றாகக் காட்டும். என்ஃபீல்டு துப்பாக்கிக்கான தோட்டா, அளந்த மருந்தையும் ஈயச் சன்னத்தையும் ஒன்றாகச் சுருட்டிய காகிதப் பொதி. சிப்பாய் அதன் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, சன்னத்தை உள்ளே இடிக்க வேண்டும். கொழுப்புத் தடவியிருந்தது காகிதத்தின் மேல். ‘கொழுப்புத் தடவிய குண்டுகளைக் கடிக்கச் சொன்னார்கள்’ என்று எழுதினால், படிக்கும் பிள்ளைக்கு ஈயக் குண்டை ஒருவன் ஏன் கடிக்கிறான் என்பது விளங்காது. தோட்டா என்று எழுதினால் விளங்கும்.

ரவைக்கு வருவோம். ரவை என்றால் சிறு மணி. 12 போர் (‘bore’, குழலின் பருமனைக் குறிக்கும் அளவு) துவக்கின் தோட்டாவுக்குள் நிறைந்திருக்கும் சிறு ஈய உருண்டைகளுக்கு அது அருமையான பெயர். ஆனால் நம் செய்தித் தமிழில் ரவை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. மீட்கப்பட்டதும் ரவை, உடலில் பாய்ந்ததும் ரவை, நிலத்தில் கிடந்ததும் ரவை. இதற்கு நேரெதிரான பிழை ‘வெற்றுத் தோட்டாக்கள் மீட்பு’. மருந்தும் சன்னமும் போனபின் மிஞ்சுவது கோது. முட்டைக்கோது, புளியங்கோது என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு வெற்றுக்கோது என்று எழுதக் கைவரவில்லை. ‘தோட்டா மார்பைத் துளைத்தது’ என்பதும் இதே குழப்பம். துளைத்தது சன்னம். வைத்தியசாலைச் செய்திகளில் ‘சன்னம் அகற்றப்பட்டது’ என்று சரியாகவே எழுதுகிறார்கள். அதே பத்திரிகையின் அடுத்த பத்தியில் தோட்டா பாய்கிறது.

பொதியுறை இதைவிடத் தொல்லை தருவது. அச்சுப்பொறியின் மைக்கூட்டுக்கு அந்தச் சொல் பொருந்தலாம். அங்கே பொருள் என்பதே கூடுதான், மை தீர்ந்தாலும் கூடு கூடே. தோட்டா அப்படியல்ல. உறை என்றால் மேலே மூடுவது: வாளுறை, தலையணையுறை, கடித உறை. உள்ளிருப்பதையும் சேர்த்து உறை என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. சரி, தோட்டாவைப் பொதியுறை என்றே வைத்துக்கொள்வோம். அதன் பித்தளைக் கோதை என்னவென்று சொல்வது? ‘பொதியுறையின் உறை’ என்று எழுதவேண்டி வரும். இடுப்பில் துப்பாக்கி செருகும் தோற்பைக்கும் துப்பாக்கி உறை என்றே பெயர். ஒரே பக்கத்தில் மூன்று உறை வந்தால் வாசகர் எதைக் கையில் எடுப்பார்? வெடியுறை என்று மாற்றினாலும் இதே கதிதான்.

தோட்டா வடசொல்லும் அல்ல, தமிழ்ச்சொல்லும் அல்ல, ஆகவே களையவேண்டும் என்பது தனித்தமிழ் ஆர்வலரின் வாதம். அப்படியானால் துருக்கியிலிருந்து வந்த துப்பாக்கியைத்தான் முதலில் களையவேண்டும். நம் துவக்கும் அதே இனம். துப்பாக்கியை வைத்துக்கொண்டு தோட்டாவை மட்டும் விரட்டுவதில் நியாயம் இல்லை. தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் புதுச்சொல் பழைய சொல்லைவிடத் தெளிவாக இருக்கவேண்டும். பொதியுறை அந்தச் சோதனையில் தேறவில்லை.

இந்தத் தெளிவு வேறெங்கையும்விட, தேவையைச் சொல்லித் தனியாகச் செய்விக்கும் வேட்டை றைபிளில் அவசியம். அங்கே தோட்டாவைத் தெரிவது முதல் வேலை, சன்னத்தைத் தெரிவது கடைசி வேலை. .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றும் 7.82 மில்லிமீற்றர் விட்டமுள்ள சன்னத்தையே சுடுகின்றன. தோட்டாக்களோ வேறு வேறு. .308 முழுத் தோட்டாவின் நீளம் சுமார் 71 மில்லிமீற்றர், குட்டையான பொறியமைப்புப் போதும். .30-06 சுமார் 85, நீளமான அமைப்பு வேண்டும். .300 மேக்னமும் அதே 85தான், ஆனால் கோதின் அடிவிளிம்பு 12 மில்லிமீற்றருக்குப் பதில் 13.5, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகமே மாறவேண்டும். பல ஆபிரிக்க நாடுகளில் எருமைக்கும் யானைக்கும் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளப்படும் .375 ஹெச் அண்ட் ஹெச் 91 மில்லிமீற்றர் வரை போகும். ‘ரவையைத் தெரிவுசெய்க’ என்ற வாக்கியத்தில் இவை எதுவும் தென்படாது. படிப்பவர் கடையில் எந்தப் பெட்டி வாங்குவது என்று நினைப்பார். மூலம் பேசுவதோ இரும்பை எந்த அளவில் வெட்டுவது என்பதை.

தோட்டா முடிவானபின் குழலின் முறுக்கு, அதாவது சன்னத்தைச் சுழலவைக்கும் உட்பள்ளங்களின் முறுக்கு. நீண்ட சன்னத்துக்கு இறுக்கமான முறுக்கு வேண்டும். 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம்; .270 வின்செஸ்டரின் பழைய வழக்கம் 10. அந்த 10இல் மிக நீளமான சன்னத்தைச் சுட்டால் அது நிலைகொள்ளாமல் புரண்டு, இலக்கில் பக்கவாட்டாகப் பதியும். பிறகு தோட்டா அமரும் அறை. கோதின் தோள் (கழுத்தை நோக்கிச் சரியும் பகுதி) முட்டவேண்டிய இடம் ஆழமாகிவிட்டால், சுடும்போது கோது பின்னோக்கி இழுபட்டு அடிக்குச் சற்று மேலே வெடிக்கும், சூடான வாயு பின்பக்கம் பாயும். இங்கே நீள்வதும் கிழிவதும் கோது. ‘ரவை கிழியும்’ என்று எழுதினால் பொருளே புரண்டுவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் சன்னம். மானுக்கு விரிந்து மலரும் மென்முனை. எருமையின் எலும்பை ஊடுருவ விரியாத கெட்டிச் சன்னம். ஒரே வகைத் தோட்டா இரண்டில் எந்தச் சன்னத்தோடும் கிடைக்கும்.

பெயரிலுள்ள எண்ணை அளவென்று எடுப்பதும் தவறு. .270இன் சன்னம் .277 அங்குலம். இங்கே பொலிஸார் தோளில் நெடுங்காலம் தொங்கிய திறீ நொட் திறீயின் (.303) சன்னம் .311, அதாவது .308ஐ விடப் பருமன். பொருந்துவதுபோல் தெரிவதும் ஆபத்து. .300 பிளாக்அவுட் தோட்டா .223இன் கோதிலிருந்து பிறந்தது. சில சன்னங்களோடு அது .223 அறைக்குள்ளும் புகுந்துவிடும். 7.8 மில்லிமீற்றர் சன்னம் 5.7 மில்லிமீற்றர் குழலுக்குள் போக வழியில்லாமல் துப்பாக்கியே வெடிக்கும். 12 போர் துவக்குக்குள் அதைவிட ஒல்லியான 20 போர் தோட்டா வழுக்கி நடுவில் சிக்கிக்கொள்ளும், அது தெரியாமல் பின்னால் ஒரு 12ஐப் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான்.

‘150 தானிய ரவை’ என்பதையும் நிறுத்தவேண்டும். மூலத்திலுள்ள கிரெயின் இங்கே தானியமல்ல, ஒரு நிறையளவு, 0.0648 கிராம். 150 கிரெயின் சன்னம் என்றால் சன்னம் மட்டும் 9.7 கிராம், மருந்தின் கணக்கு தனி. கிரெயின் என்றே எழுதலாம், கிராமிலும் தரலாம், தானியம் வேண்டாம். ‘காட்டுப்பூனைத் தோட்டா’வும் அப்படியே. ஆங்கிலத்தில் வைல்ட்கேட் என்பது எந்த ஆலையும் பெருமளவில் செய்யாத தோட்டா. அதற்கு அறை குடையும் றீமரையே தனியாகச் செய்விக்கவேண்டும், இன்னொரு தோட்டாவின் கோதை அச்சில் இட்டுக் கழுத்தைச் சுருக்கியோ தோளை நகர்த்தியோ உருவாக்கவேண்டும், பயணத்தில் தீர்ந்துபோனால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ‘ஆலையில் செய்யாத தோட்டா’ என்று எழுதினால் படிப்பவருக்கு வேண்டிய எச்சரிக்கை அந்தப் பெயரிலேயே கிடைத்துவிடும்.