அட்டாச்மென்ட் லிங்க் சுற்றிக்கொண்டே இருந்தால்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் ஒரு லிங்க்கை 20 ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்புவது) வரைதான் பின்தொடரும். மலைப்பாதையில் 20 முடிந்தால் ஊர் வந்துவிடும். லூப்பில் சிக்கிய லிங்க் 20 முடிந்தும் அடிவாரத்திலேயே நிற்கும்.

ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் நிறுவனம். சாஃப்ட்வேர் பிழைகளை, அதாவது பக்குகளைப் பதிந்து வைக்கும் டிராக்கர் பக்ஸில்லா. அவர்களுடைய பக்ஸில்லாவில் ரகசிய பக் ஒன்றின் ஸ்கிரீன்ஷாட் முதலில் ஒருவருக்குத் திறந்திருக்கிறது, அப்புறம் யாருக்கும் திறக்கவில்லை. "குக்கீயெல்லாம் அழிச்சுப் பாத்துட்டோம்ங்கண்ணா" என்றான் அங்கே வேலை பார்க்கும் தம்பி. அதற்கடுத்து அவன் செய்ததைக் கேட்டுத்தான் பதறிவிட்டேன். அட்டாச்மென்ட்டுக்கென்று இருந்த தனி டொமைனை எடுத்துவிட்டு, டிராக்கரின் டொமைனிலேயே திறக்க வைத்திருந்தான்.

லிங்க் திறந்தது, உண்மைதான். ஆனால் அந்தத் தனி டொமைன் ஒரு காவல். யாரோ ஏற்றிய எச்டிஎம்எல் கோப்பில் ஸ்கிரிப்ட் ஒளிந்திருந்தால், டிராக்கரின் டொமைனில் அது திறப்பவரின் லாகினோடு ஓடும். திறப்பவர் அட்மின் என்றால் அட்மின் செய்யக்கூடியதையெல்லாம் அதுவும் செய்யும். தயவுசெய்து இந்தக் குறுக்கு வழிக்குப் போகாதீர்கள்.

எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் ஒவ்வொரு பதிலின் லொகேஷன் வரியையும் (அடுத்து எங்கே போகச் சொல்கிறது என்பதை) படித்தாலே பாதி விளங்கிவிடும். ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் சர்வருக்கு முன்னால் நின்று கோரிக்கையை வாங்கி அனுப்பும் ப்ராக்ஸி, பாதுகாப்பான எச்டிடிபிஎஸ்ஸை வாங்கி உள்ளே சாதா எச்டிடிபியாக அனுப்புகிறது. வந்தது எச்டிடிபிஎஸ் என்பதை அது சர்வருக்குச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்கே திரும்பத் திரும்ப அனுப்பும். இங்கேயோ இரண்டு டொமைன்கள் பந்து விளையாடின. ரகசிய பக்கின் அட்டாச்மென்ட்டுக்கு பக்ஸில்லா ஒருமுறை மட்டும் செல்லும் டோக்கன் (அனுமதிச் சீட்டு மாதிரி) தந்து தனி டொமைனுக்கு அனுப்பும். டோக்கன் செல்லாவிட்டால் அங்கிருந்து திரும்ப டிராக்கருக்கே அனுப்பிவிடும். முன்னால் இருந்த ப்ராக்ஸி அந்த ரீடைரக்ட்டை கேஷ் செய்து, அதாவது சேமித்து வைத்து, முதல் ஆள் பயன்படுத்திய பழைய டோக்கனையே எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கு மட்டும் திறந்ததன் காரணம் அதுதான்.

அந்த முகவரிக்கு கேஷை நிறுத்தினோம், தனி டொமைனை மறுபடி வைத்தோம். இரண்டு பேரை அடுத்தடுத்து, புது பிரைவேட் விண்டோவில் திறக்கச் சொன்னேன். இருவருக்கும் திறந்தது. பிறகு, காவல் இல்லாமல் கிடந்த நாட்களில் ஏறிய எச்டிஎம்எல் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க உட்கார்ந்தோம்.