புடைப்பது ஒன்று, வலிப்பது வேறொன்று

கனடாவில் பனித்தள அரங்குகளின் நல்ல நேரமெல்லாம் பிள்ளைகளுக்குப் போய்விடும். ஐம்பது, அறுபது வயதில் ஆசைக்காக ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது இரவு பத்து மணி. ஆடி முடித்து வீடு வந்து, காரிலிருந்து காலை வெளியே வைக்கும்போது தொடை இடுக்கில் சுரீர் என்கிறது. உடனே வரும் பயம்: குடலிறக்கமோ, அதாவது ஹெர்னியாவோ?

பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது வருகிறது. ஆனால் அதற்கான வழியைத் திறந்துவிட்டது ஹாக்கி அல்ல. கருவில் ஆண் சிசுவின் விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன் அவை வயிற்றுச் சுவரைக் கடந்து கீழே இறங்குகின்றன. இறங்கிய பாதை, சுமார் 4 செ.மீ. நீளமுள்ள சாய்வான சந்தாக, விந்துக்குழாயும் இரத்தநாளங்களும் போய்வருவதற்காக ஆயுள் முழுக்க நிலைத்துவிடுகிறது. அந்தச் சாய்வில்தான் சூட்சுமம். முக்கும்போது சந்தின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று அழுந்தி வழியை அடைத்துக்கொள்ளும். வயது ஏற ஏறப் பின்சுவருக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் நைந்துபோகின்றன. ஒரு நாள் கொழுப்போ குடலோ அதைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கிறது. இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். பலருக்கு வலியே இராது. சாயங்காலத்தில் ஒரு கனம், ஓர் இழுப்பு, அவ்வளவுதான்.

அப்படியானால் சுரீர் என்றது எது?

ஓடுகிறவர் காலைப் பின்னால் உதைக்கிறார். ஸ்கேட்டில் போகிறவர் பக்கவாட்டில் உதைக்கிறார். அகன்று ஓடும் காலை உள்தொடைத் தசைகள்தான் பிடித்து நிறுத்தித் திருப்பிக்கொண்டுவர வேண்டும். இறக்கத்தில் பாரவண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது போன்ற வேலை: தசை நீண்டுகொண்டே இழுக்கிறது. தசை அறுபடுவதும் பெரும்பாலும் இந்த நிலையில்தான். அமெரிக்க, கனடிய தொழில்முறை லீக்கான என்எச்எல் வீரர்களைப் பற்றி 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. காலை உள்ளே இழுக்கும் வலு, வெளியே தள்ளும் வலுவில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு உள்தொடைக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு. அவர்கள் உடம்பே தொழிலாக இருக்கும் இளைஞர்கள். வாரம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு நேரே பனியில் இறங்குகிறவரின் தொடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அடிவயிற்றின் கீழ்முனையில், முன்பக்கம் இருப்பது பூப்பெலும்பு. உள்தொடைத் தசையின் நாண் கீழிருந்து பற்றியிருக்கும் அதே எலும்பை, வயிற்றுத் தசை மேலிருந்து பற்றியிருக்கிறது. கயிறிழுக்கும் போட்டி மாதிரி. அதனால் தொடைக் காயம் அடிவயிற்றிலும் வலிக்கும். புடைப்பே இல்லாத இவ்வகை வலிக்கு ‘ஸ்போர்ட்ஸ் ஹெர்னியா’ என்று யாரோ பெயர் வைத்துக் குழப்பிவிட்டார்கள். 2014-ல் தோஹாவில் கூடிய நிபுணர்கள் அந்தப் பெயரே வேண்டாம் என்றார்கள். எனக்கும் அதே எண்ணம்தான்.

அறுபதைத் தாண்டியவர் இடுப்பு மூட்டையும் சந்தேகிக்க வேண்டும். மூட்டுத் தேய்ந்தால் வலி தெரிவது பெரும்பாலும் தொடை இடுக்கில். குனிந்து ஸ்கேட் கயிறு கட்டுவது வரவரச் சிரமமாகிறது என்றால் அது ஒரு துப்பு.

முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து நெருக்குங்கள். பழைய வலி அப்படியே வந்தால் உள்தொடையைச் சந்தேகிக்கலாம். நின்றபடி இருமும்போது, தொடை இடுக்கில் வைத்த கையில் புடைப்பு தட்டினால் குடலிறக்கம். சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஸ்கேனில் சின்னக் குடலிறக்கம் தெரிகிறது, அறுவை நடக்கிறது, வலியோ போகவில்லை. காரணம் தொடையில் இருந்தது. அறுவைக்குப் பின் சுமார் பத்தில் ஒருவருக்கு நாட்பட்ட வலி தங்கிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அவசரப்படத் தோன்றாது.

அவசரம் தேவையும் இல்லை. அதிகத் தொந்தரவில்லாத குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. அறுவையின்றிக் காத்திருந்தவர்களில் குடல் சிக்கிக்கொண்ட அவசரநிலை ஆண்டுக்கு 1,000 பேரில் 2 பேருக்கும் குறைவு. ஆனால் பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் தாமாகவே அறுவைக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி கூடியதால்.

ஆனால் புடைப்பு கல்லாக இறுகி, படுத்தாலும் உள்ளே போகாவிட்டால், அதிலும் வாந்தியும் சேர்ந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிக்கிய குடலுக்கு இரத்தம் நின்றுபோனால் சில மணி நேரத்தில் அது அழுகத் தொடங்கிவிடும்.