ரோபோட் ஒண்ணு, புள்ளைங்க நாலு பேரு, லேப்டாப் யார் கையில?

மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல தோட்டத் தமிழ்ப்பள்ளிங்களுக்கு ரோபோட்டிக்ஸ் சொல்லிக்குடுக்கிறேன். பெற்றோருங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ரோபோட் வாங்கிக் குடுத்துட்டா புள்ளைங்க தானா ஒண்ணா சேர்ந்து வேலை செய்வாங்கன்னு நெனைக்காதீங்க. நாலு பேருக்கு ஒரு எம்பாட் (சக்கரம் வச்ச சின்ன ரோபோட்) குடுத்துப் பாருங்க, வீட்ல கம்ப்யூட்டர் இருக்கிற பையன் லேப்டாப்ப இழுத்து வச்சுக்குவான், இன்னொருத்தன் ரோபோட்ட தரையில வைப்பான் எடுப்பான், பொம்பளப் புள்ளைங்க ரெண்டு பேரும் நோட்ல தலைப்பு எழுதி கலர் அடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க. கோடிங் கத்துக்கிட்டது ஒருத்தன்தான்.

அதனால எங்க கிளாஸ்ல ஒரு ரூல். கட்டளை சொல்றவங்க மவுஸத் தொடக்கூடாது, மவுஸ் புடிக்கிறவங்க சொல்லாத பிளாக் (திரையில இழுத்து வைக்கிற கட்டளைத் துண்டு) ஒண்ணுகூட போடக்கூடாது, மூணாவது ஆளு ரோபோட்ட மட்டும் பாக்கணும், நாலாவது ஆளு நடந்தத எழுதணும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறிக்கணும். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிங்கள்லயும் ரெண்டு பேரா உக்காந்து இப்படி கோட் எழுதுற பழக்கம் இருக்கு.

மொத பாடத்துல ரோபோட்டே கெடையாது. ஒரு புள்ள ரோபோட்டா நிக்கும், மத்தவங்க "ரெண்டு கட்டம் முன்னால, வலது பக்கம் திரும்பு"ன்னு ஹால் டைல்ஸ் மேல நடக்க வைப்பாங்க. 1967ல புள்ளைங்களுக்கான லோகோ நிரல் மொழிய உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான சீமோர் பேப்பர்ட், அதுல கட்டளைப்படி நகர்ற ஆமை எப்படிப் போகணும்னு தெரியலயா நீயே நடந்து பாருன்னு சொன்ன வழிதான் இது.

நெஜமான ரோபோட் வந்ததும்தான் பேச்சு சூடு புடிக்கும். நேரா போகச் சொன்னா இடது பக்கம் சாஞ்சு போகும். மவுஸ் வச்சிருந்தவன் கோட் தப்புன்னு எல்லாத்தையும் அழிக்கப் போனான், பாத்துட்டு இருந்த நாலாம் ஆண்டு புள்ள "அழிக்காதடா, இந்தப் பக்கச் சக்கரம் மெதுவா சுத்துது"ன்னு கத்துச்சு. உண்மைதான், ரெண்டு மோட்டாரும் அச்சா ஒரே வேகத்துல சுத்தாது, வலது பக்க வேகத்தக் கொஞ்சம் கொறச்சாங்க, நேரா போச்சு. பேட்டரி எறங்கினா அதே ரெண்டு செகண்டுல போற தூரமும் கொறையும், ஹால்ல வெயில் அடிச்சா தரையில டேப்பால ஒட்டுன கருப்புக் கோட்டப் பாக்குற சென்சார் கொழம்பிடும். கோட் தெரிஞ்ச ஒருத்தனால மட்டும் இதக் கண்டுபுடிக்க முடியாது, தரையில குனிஞ்சு பாத்த புள்ளயும் பேசணும்.

ஆர்.பி.டி. (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்துலயே நிரலாக்கம் இருக்கு, ஆனாலும் பல எடத்துல போட்டிக்குப் போற நாலஞ்சு பேருக்கு மட்டும்தான் ரோபோட் அலமாரிய விட்டு வெளிய வருது. இது எனக்கு ரொம்ப வருத்தம். 150 பேருக்கும் கொறைவா இருக்கிற சின்னப் பள்ளிங்கள்ல எல்லாருக்கும் முறை வர வைக்கிறது இன்னும் சுலபம்தானே.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல புது ரோபோட் கேக்காதீங்க, ரீசார்ஜ் பேட்டரி ஒரு செட்டும் கருப்பு டேப்பும் வாங்கக் காசு கேளுங்க, அலமாரியில இருக்கிற ரோபோட்ட இந்த மாசம் எந்தெந்த வகுப்பு எடுத்துச்சுன்னும் கேளுங்க.